உடையார்பாளையத்தில் பிறந்த பாட்டுகள்

பழைய மாணவர் சங்கமத்துக்கு மலர் வருகிறது, கட்டுரை கொடுங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கான்கிரீட்டைப் பற்றியோ கட்டுமானத் துறை வேலைவாய்ப்பைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். சிவில் படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆனால் நாம் நாலு வருஷம் படித்த இந்த மண்ணைப் பற்றி ரொம்ப நாளாக என் மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை எழுத இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது.

பெரம்பலூர், அரியலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலை, சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சாத்தனூர் கல்மரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் சொல்வார்கள். சங்கீதம் என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம் சார், இங்கே ஏது?" என்பார்கள். நம்ம ஊர்க்காரர்களே அப்படித்தான் சொல்வார்கள். அது சரியில்லை என்று காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு குரல், ஒரு பியானோ

வேலை நிமித்தமாகச் சில மாதங்கள் அமெரிக்காவில் இருந்தபோது, பக்கத்துக் கல்லூரியில் நடந்த ஓர் இலவசக் கச்சேரிக்கு அலுவலக நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். சின்ன அரங்கம். மைக் கிடையாது. ஒரு பாடகி, ஒரு பியானோ, அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டும் இரண்டு மூன்று நிமிஷம். ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, அதன் சொல்லுக்குச் சொல் பொருந்தும்படி இசையமைத்து, ஒரு குரலும் ஒரு வாத்தியமும் மட்டும் சேர்ந்து கொடுக்கிற பாட்டு. நாடகத்தில் வரும் பாட்டோ கோயிலில் பாடும் பாட்டோ அல்ல. உட்கார்ந்து கவனித்துக் கேட்பதற்காகவே செய்த பாட்டு. ஆஸ்திரியாவில் ஷூபர்ட் (1797-1828) இந்த வகையில் அறுநூறுக்கு மேல் எழுதிவிட்டு 31 வயதிலேயே கண்ணை மூடினார். அவருடைய பாட்டுகள் பல முதலில் கேட்கப்பட்டது நண்பர்கள் வீட்டுக் கூடத்தில்தான்.

அன்று நான் கேட்டவை சார்ல்ஸ் ஐவ்ஸ் என்ற அமெரிக்கருடையவை. 1874-இல் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பேண்டு மாஸ்டர். ஐவ்ஸ் யேல் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். ஆனால் தான் நினைக்கிற மாதிரி இசை எழுதிக் குடும்பம் நடத்த முடியாது என்று தெரிந்துகொண்டு, நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டுத் தொழிலில் இறங்கினார். கூட்டாளியோடு நடத்திய ஏஜென்சி நன்றாகவே ஓடியது. பகலில் இன்ஷூரன்ஸ், இரவிலும் விடுமுறையிலும் இசை. 1922-இல் தன் பாட்டுகளில் 114-ஐத் தொகுத்துக் கைக்காசு போட்டு அச்சடித்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இலவசமாக அனுப்பினார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. பத்து வருஷம் கழித்து, 1932-இல், ஆரன் கோப்லாண்ட் என்ற இளைய இசையமைப்பாளர் அந்தத் தொகுப்பிலிருந்து 7 பாட்டுகளைப் பொறுக்கி, ஒரு பாடகரைப் பாட வைத்து, தானே பியானோ வாசித்தார். அதற்கப்புறம்தான் உலகம் மெல்லத் திரும்பிப் பார்த்தது. ஐவ்ஸ் 1954-இல் காலமானார்.

அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தபோது என் நினைவு போனது உடையார்பாளையத்துக்கு. காரணம், கல்லூரி விடுதியில் என் பக்கத்து அறை நண்பன். அவன் குன்னத்துக்காரன். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' புத்தகத்தைப் பெட்டியில் வைத்திருந்து, "தமிழ்த்தாத்தா எங்க ஊர்ல இருந்து படிச்சவருடா" என்று பெருமை பேசுவான். அந்தப் புத்தகத்தில் நான் முதன்முதலாகச் சந்தித்த பெயர் கனம் கிருஷ்ணையர். ஐவ்ஸ் மறைந்ததற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1854-இல், மறைந்தவர்.

நம்ம பக்கத்து மனுஷர்

கிருஷ்ணையர் 1790-இல் பெரிய திருக்குன்றம் என்ற ஊரில் பிறந்தவர். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகி, பிறகு 2007-இல் அரியலூர் நிலையாகப் பிரிந்த கதை நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் நாம் எல்லாருமே திருச்சிக்காரர்கள்தானே!

தஞ்சையில் பச்சிமிரியம் ஆதியப்பையரிடம் கிருஷ்ணையர் சங்கீதம் படித்தார். பைரவி ராகத்தில் இன்றும் ஒவ்வொரு மாணவரும் கற்கும் 'விரிபோணி' வர்ணத்தைச் செய்தவர் அந்த ஆதியப்பையர்தான். சியாமா சாஸ்திரிகளும் அவரிடம் பயின்றவர். அப்படியென்றால் நம்ம ஊர்க்காரர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'கனம்' என்பது அவர் இயற்பெயர் அல்ல, பட்டம் மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. பாடும் முறையில் கனம், நயம், தேசிகம் என்று மூன்று மார்க்கங்களை அந்தக் காலத்தில் சொல்வார்கள். கனமார்க்கம் என்பது அடிவயிற்றிலிருந்து எழும் கம்பீரமான குரலில், உரக்க, இடைவிடாமல் தானம் பாடுவது. நல்ல தேகபலம் வேண்டும்; சாதகம் கடுமையானது. ஆந்திரத்துப் பொப்பிலியிலிருந்து கேசவையா என்ற வித்துவான் தஞ்சை அரண்மனைக்கு வந்து இந்த முறையில் பாடிச் சபையையே அசத்திவிட்டாராம். நம் சமஸ்தானத்திலும் இதைக் கற்றுக்கொள்பவர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது துணிந்து முன்வந்தவர் கிருஷ்ணையர். கற்றார், பெயரோடு 'கனம்' சேர்ந்தது.

அவர் திருவிடைமருதூரில் மராட்டிய அரச குடும்பத்தாரிடம் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு உடையார்பாளையம் வந்து சேர்ந்தார். 'காலாட்கள் தோழ உடையார்' என்று பட்டம் கொண்ட ஜமீன்தார்கள் ஆண்ட ஊர். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பதால் பெயருக்கு முன்னால் 'கச்சி' சேர்த்துக்கொள்வார்கள். அப்போது அங்கே இருந்த கச்சி யுவரங்கர் பாட்டின் ருசி அறிந்தவர். கிருஷ்ணையரின் பதங்கள் பலவற்றுக்கும் பாட்டுடைத் தலைவர் அவரே.

பதம் என்றால்?

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கர்நாடகக் கச்சேரியில் நடுநாயகமாக நிற்பது கீர்த்தனை. அது பெரும்பாலும் பக்தி. பதம் வேறு. அது காதல் பாட்டு. மெதுவான காலத்தில், ஒரு சொல்லையே பல விதமாக இழைத்துப் பாடுவது. பேசுகிறவள் பெரும்பாலும் ஒரு பெண். வராத தலைவனை நினைத்து ஏங்குவாள், தோழியைத் தூது அனுப்புவாள், வந்தவனிடம் கோபித்துக்கொள்வாள். தலைவன் கடவுளாகவும் இருக்கலாம், ஊர்த் துரையாகவும் இருக்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் இந்த வகையை உச்சிக்குக் கொண்டுபோனார். தமிழில் அதற்கு ஈடாக நிறுத்தியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் நம்ம கிருஷ்ணையர்.

பைரவியில் 'வேலவரே', அடாணாவில் 'திருவொற்றியூர் தியாகராஜன்', கல்யாணியில் 'பார் எங்கும் பார்த்தாலும்' ஆகியவை அவர் செய்தவை. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளைப் பார்த்து, அவர் அடாணாவில் பாடியதைக் கேட்டு, அதே ராகத்தில் தானும் ஒரு பாட்டுக் கட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. சுகம் என்பது சும்மா கிடைத்துவிடுமா என்ற கேள்வியோடு தொடங்கும் பாட்டு அது. கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், அந்தக் கேள்வியை எந்தப் பொறியாளனும் தன் மேஜைமேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தலைவி, தோழி, தூது என்றதும் தமிழ் படித்தவர்களுக்குச் சங்க இலக்கியம் ஞாபகம் வரும். குறுந்தொகைத் தலைவி பேசும் அதே நிலையிலிருந்துதான் பதத்தின் தலைவியும் பேசுகிறாள். வடிவம் தெலுங்கு நாட்டு வழியாக வந்திருக்கலாம். அதன் உயிர் நமக்குப் புதிதல்ல. ஆக, ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு தம்பூரா, பக்கத்தில் ஒரு வீணை, சின்னக் கூடத்தில் ருசி தெரிந்த நாலு பேர். ஷூபர்ட்டுக்கு வியன்னாவில் நடந்ததும் கிருஷ்ணையருக்கு உடையார்பாளையத்தில் நடந்ததும் ஏறக்குறைய ஒரே காரியம்தான். இருவருக்கும் வயசில் ஏழு வருஷம்தான் வித்தியாசம்!

சோறு போட்டவர் யார்?

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. கிருஷ்ணையர் சமஸ்தான வித்துவான். துரை கொடுத்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். பை பையாக முத்தும் வயிரப் பதக்கமும் கொடுத்த துரை என்று யுவரங்கரைக் காதலியின் வாயால் புகழ்ந்து அவர் பாடிய பதம் பேர்போனது. இதைப் படித்துவிட்டுச் சிலர் "முகஸ்துதிதானே" என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. துரைக்காகச் செய்த பாட்டாக இருந்தாலும் அந்தப் பெண்ணின் குரல் உண்மையாக ஒலிக்கிறதா என்பதுதான் கேள்வி. துரையும் போய், 1948 சட்டத்தோடு ஜமீனும் போன பிறகு, புகழுக்கு ஆள் இல்லாமல் பாட்டு மட்டும் தனியாக நிற்கிறது. நிற்க முடிகிறது என்பதே போதுமான பதில்.

ஐவ்ஸுக்குத் துரை கிடையாது. தனக்குத் தானே துரை. இன்ஷூரன்ஸில் சம்பாதித்து இசைக்குச் செலவழித்தார். நம்மைப் போல மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு மனதுக்குள் வேறொரு ஆசையை வைத்திருப்பவர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு தெம்பு.

வரைபடமும் கொத்தனாரும்

இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐவ்ஸின் பாட்டு ஒரு கட்டட வரைபடம் மாதிரி. குரல் எங்கே ஏற வேண்டும், பியானோவில் எந்த விரல் எப்போது விழ வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருக்கிறது. பத்து வருஷம் அலமாரியில் தூசி படிந்து கிடந்தாலும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் எடுத்து விரித்தால் கட்டடம் எழும்பிவிடும்.

பதம் அப்படியல்ல. அது ஒரு கை தேர்ந்த கொத்தனாரின் வேலை மாதிரி. சொல் இருக்கும், ராகம் தாளம் என்ன என்று தெரியும். எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் குழைத்து, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும் என்பது குருவின் தொண்டையில்தான் இருக்கும். சிஷ்யன் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எட்டயபுரம் ஜமீனின் ஆதரவில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் கமகக் குறிகளோடு சுரப்படுத்தி அச்சிட்ட மாதிரிப் பெரிய முயற்சிகள் பிற்பாடு வந்தவை. கிருஷ்ணையர் காலத்தில் பாட்டுக்கு அலமாரி கிடையாது, ஆள்தான் அலமாரி. அந்த ஆள் போனால் பாட்டும் போச்சு.

அப்படியானால் இந்தப் பாட்டுகள் நமக்கு எப்படி வந்து சேர்ந்தன? இரண்டு பாதைகள். இரண்டையும் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அப்பாவும் பிள்ளையும்

முதல் பாதை நம்ம ஊர்ச் சாலைகளில் நடந்தது. உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையர், கிருஷ்ணையரின் உறவினர். உடையார்பாளையத்திலேயே அவருடன் குருகுலவாசம் இருந்து, பணிவிடை செய்து, பாட்டு வாங்கிக்கொண்டார். பிறகு அரியலூர்ப் பக்கம் வந்து, ராமாயணக் கதையும் கீர்த்தனைகளும் பாடிப் பிழைத்தார். குடும்பம் அரியலூர், குன்னம், கார்குடி, செங்குணம் என்று ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. காரணம் இரண்டு. ஒன்று பிழைப்பு. இன்னொன்று, பையனுக்கு நல்ல தமிழ் வாத்தியார் கிடைக்க வேண்டும். அரியலூரில் சடகோப ஐயங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று அந்தப் பையனுக்குத் தமிழ் ஊட்டியவர்கள் எல்லாரும் நம்ம பக்கத்து மனிதர்கள்.

பிள்ளை சங்கீத வித்துவானாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. தினமும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த பிறகும், 'நந்தனார் சரித்திரம்' செய்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பையன் சங்கீதம் கற்கப் போனான். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டான். சங்கீதத்தின் பக்கம் ஒரு கதவு சாத்தியது. தமிழின் பக்கம் இன்னொரு கதவு திறந்தது. சீவகசிந்தாமணி 1887-இல் அச்சேறிய கதையை நாம் எல்லாரும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம்.

ஆனால் அந்தப் பையன் மறக்கவில்லை. கிருஷ்ணையர் இறந்து அடுத்த வருஷம், 1855-இல், பிறந்தவர் உ.வே.சா. நேரில் பார்த்ததே கிடையாது. அப்பா சொன்னதும் அப்பா பாடியதும்தான் மூலதனம். அதை வைத்துக்கொண்டு 1936-இல், தம் 81-ஆவது வயதில், 'கனம் கிருஷ்ணையர்' என்ற நூலை எழுதி, வரலாற்றையும் பாடல்களையும் அச்சில் ஏற்றினார். மறு வருஷமே, 1937-இல், குறுந்தொகைப் பதிப்பு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தலைவியையும் உடையார்பாளையத்துத் தலைவியையும் ஒரே கிழவர் அடுத்தடுத்த வருஷத்தில் நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவின் பாட்டைத் தொழிலாக எடுத்துக்கொள்ளாத பிள்ளை, அப்பாவின் கடனைத் தன் வழியில் தீர்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெண்கள் காத்த மெட்டு

அச்சில் சொல் நின்றுவிட்டது. மெட்டு? அதற்குத்தான் இரண்டாவது பாதை. பதங்களைப் பாடியும் ஆடியும் வந்தவர்கள் பரம்பரையாக இந்தக் கலையில் இருந்த பெண்கள். அவர்களை நம் சமூகம் நடத்திய விதம் பெருமைப்படும்படி இல்லை. கலையைக் கேட்க ஆசை, கலைஞரை வீட்டு வாசலில் ஏற்ற மனசு கிடையாது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-இல் சட்டம் தடை செய்தது. அது தேவையான சட்டம். ஆனால் அந்தக் குடும்பங்களின் கழுத்தில் இருந்த பாட்டுகளும் சேர்ந்தே ஒதுக்கப்படும் ஆபத்து இருந்தது.

ஒதுங்காமல் காத்தவர்களில் முதலாவதாகச் சொல்ல வேண்டியவர் வீணை தனம்மாள் (1867-1938). அவர் வீட்டில் பதங்கள் பொக்கிஷம். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடினார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி தானே பாடிக்கொண்டு அபிநயம் பிடித்தார். தமிழ்ப் பதமும் தெலுங்குப் பதமும் இன்று மேடையில் கேட்கிற விதத்துக்கு அந்த ஒரு வீட்டுக்கு நாம் பட்ட கடன் பெரியது.

இன்னொரு செய்தி கேளுங்கள். பாலசரஸ்வதி 1962 முதல் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்திருக்கிறார். அவருடைய தம்பிகள் ரங்கநாதனும் விசுவநாதனும் அங்கேயே கற்பித்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் தெரியுமா? கனெக்டிகட். ஐவ்ஸ் பிறந்த அதே மாநிலம். நம்ம பக்கத்தில் விளைந்த பாட்டு வகைக்குக் கனெக்டிகட்டில் வகுப்பு இருந்தது. நம் மாவட்டக் கல்லூரிகளில் எத்தனை மேடையில் அது ஒலித்திருக்கிறது? நான் படித்த நாலு வருஷத்தில் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

நமக்கு இதில் என்ன வேலை?

துரையின் பொன் பாட்டைக் காப்பாற்றவில்லை. அது வித்துவானைத்தான் காப்பாற்றியது. அச்சுப் புத்தகமும் தனியாகக் காப்பாற்றவில்லை. அது சொல்லைத்தான் காப்பாற்றியது. ஐவ்ஸின் 114 பாட்டுக்கும் ஒரு கோப்லாண்ட் வர வேண்டியிருந்தது. எல்லா இடத்திலும் பாட்டைக் காப்பாற்றியவர் ஒரே மாதிரி ஆள்தான். முந்தினவரிடம் சிரமப்பட்டு வாங்கி, பிந்தினவருக்குச் சிரமப்பட்டுக் கொடுத்தவர். வேங்கடசுப்பையர் அப்படிப்பட்டவர். மகனைத் தவிர உலகில் யாரும் அவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் உடையார்பாளையத்தில் கேட்டு வாங்காமல் இருந்திருந்தால் 1936-இல் எழுத என்ன இருந்திருக்கும்?

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பாட வருபவர்கள் ஒரே ஒரு கிருஷ்ணையர் பதத்தை முறையாக ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று போதும். பாட வராதவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் பாட்டிக்கு நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி தெரியும். அதுவும் இதே மாதிரி ஆளே அலமாரியான சொத்துதான். கையில் இருக்கும் செல்போனில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கேட்டுக் கற்றார், பதிவு செய்த தேதி நாலையும் மறக்காமல் எழுதி வையுங்கள். பெயரில்லாத பதிவு, அளவு போடாத வரைபடம் மாதிரி. பின்னால் யாருக்கும் உதவாது.

சக பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சங்கமத்தின் கலை நிகழ்ச்சியில் சினிமாப் பாட்டு இருக்கட்டும், நானும் கூடச் சேர்ந்து ஆடுகிறேன். நடுவில் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒரு நல்ல பாடகரை அழைத்து, ஒரு தம்பூராவோடு, உடையார்பாளையத்துப் பதம் ஒன்றைப் பாட வைப்போம். செலவில் என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இந்த மண்ணில் பிறந்த பாட்டு, இந்த மண்ணில் படித்தவர்கள் காதில் ஒரு தடவையாவது விழட்டும்.